நாள்காட்டியில் நம் நாள் எது?

சுவரில் மாட்டிய நாள்காட்டியின் ஒவ்வொரு தாளிலும் 'இந்நாளில் நிகழ்ந்தவை' என்று சிற்றெழுத்தில் சில வரிகள் அச்சிட்டிருப்பார்கள். யாரோ ஒருவர் பிறந்திருப்பார்; யாரோ ஒருவர் மறைந்திருப்பார்; எங்கோ ஒரு போர் மூண்டிருக்கும்; எவரோ ஒரு கருவியைக் கண்டுபிடித்திருப்பார். படிப்பவர், 'இவையெல்லாம் ஒரே நாளிலா!' என்று வியந்து, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் புறப்படுவார். ஆண்டொன்றுக்கு நாள்கள் 365. மாந்த வரலாற்றில் நிகழ்ச்சிகளோ கணக்கிலடங்கா. ஆகலின் ஒரே நாளில் பல நிகழ்ச்சிகள் வந்து விழுதல் இயல்பே. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆய்ந்தறிய வேண்டியது வேறொன்று. ஒரே நாளில் விழுந்த இரண்டனுள் எதனை நாடு நினைக்கின்றது, எதனை மறக்கின்றது, அத்தேர்வைச் செய்கின்றவர் யார் என்பதே அது.

நம் நாள் கணக்கு சுறவம் முதலாக எண்ணப்படுவது என்பதை நாம் மறந்தோமல்லோம். ஆயினும் ஆலைச் சங்கு ஆங்கில நாளுக்கே ஊதுகின்றது. ஊதியமும் விடுமுறையும் ஆங்கில நாளுக்கே அளக்கப்படுகின்றன. அரசுகள் தத்தம் விழாக்களை நிறுத்துவதும் அக்கணக்கின்மேலேயே. ஆகலின் இக்கட்டுரையில் அக்கணக்கையே எடுத்தாள்கின்றோம்.

அடிகளாரின் இரு நாள்கள்

முதற்கண் நம் இயக்கத்தின் முன்னோடியிடமிருந்தே தொடங்குவோம். மறைமலையடிகள் பிறந்தது 1876-ஆம் ஆண்டு சூலை 15. அடிகள் மறைந்தது 1950-ஆம் ஆண்டு செப்தம்பர் 15. வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டு, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்திற்கு வித்திட்ட பெருமகனார் அவர். அவருடைய பிறந்த நாள் தமிழ்நாட்டில் எத்தனைப் பள்ளிகளில் நினைக்கப்படுகின்றது? சூலை 15 என்றதும் காமராசர் பிறந்த நாள் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். செப்தம்பர் 15 என்றதும் அண்ணா பிறந்த நாள் என்பது தெருவில் போவோர்க்கும் தெரியும்.

காமராசர் ஊர்தோறும் பள்ளி திறந்தவர். ஏழைப் பிள்ளைக்கு நண்பகல் உணவளித்தவர். அவர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாளாக நினைக்கப்படுதல் முற்றும் தகும். அண்ணா நம் மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயரைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றித் தந்தவர். அவர் நாளை எவரும் குறைத்துப் பேசார். நாம் சொல்வது இவ்வளவே: கட்சியும் ஆட்சியும் பின்னின்ற இரு தலைவர்தம் நாள்கள் நாடறிந்த நாள்களாயின. நூலும் எழுதுகோலும் தவிர வேறு படையில்லாத அறிஞர் ஒருவரின் பிறப்பும் மறைவும் அதே இரு நாள்களில் நிகழ்ந்தும், தாளின் அடியில் சிற்றெழுத்தாகக்கூட வாராமற் போயின. நாளிலா குறை? நினைப்பாரின்மையே குறை.

ஒரு சனவரி பத்து; மற்றொரு சனவரி பத்து

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தனிநாயக அடிகளார் முதலிய அறிஞர்தம் முயற்சியால் 1964-இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966-இல் கோலாலம்பூரிலும், 1968-இல் சென்னையிலும், 1970-இல் பாரிசிலும் மாநாடு கூட்டியது. நான்காம் மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் கூடியது. அம்மாநாட்டின் இறுதி நாளாகிய சனவரி 10 அன்று, வீரசிங்கம் மண்டபத்தின் முன் தமிழ் கேட்கத் திரண்டிருந்த மக்கள்மேல் இலங்கைக் காவல்துறை பாய்ந்தது. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, துப்பாக்கி வெடித்தது, மின்கம்பி அறுந்து கூட்டத்தின்மேல் வீழ்ந்தது. ஒன்பது தமிழர் உயிர் துறந்தனர். அவர்கள் கையில் படைக்கருவி இல்லை. அவர்கள் செய்த குற்றம், தம் தாய்மொழிக்கு எடுத்த விழாவுக்கு வந்திருந்தமையே.

சரியாக ஓராண்டு கழிந்தது. 1975 சனவரி 10 அன்று நாகபுரியில் முதல் உலக இந்தி மாநாடு கூடியது. இந்தியத் தலைமையமைச்சர் இந்திரா காந்தி அதனைத் தொடங்கி வைத்தார். 2006 முதல் அந்நாளையே 'உலக இந்தி நாள்' என்று இந்திய அரசு கொண்டாடுகின்றது. அயல்நாடுகளிலுள்ள இந்தியத் தூதரகங்களில் அந்நாளில் கூட்டம் உண்டு, பேச்சு உண்டு, பரிசு உண்டு.

இவ்விரு நிகழ்ச்சியும் ஒரே நாளில் அமைந்தது தற்செயலே. அதில் சூழ்ச்சி காண நமக்குச் சான்றில்லை. சான்றில்லாததைச் சொல்வது நம் வழக்கமும் அன்று. ஆயின் அத்தற்செயலே நமக்கொரு பாடமாகின்றது. ஒரு மொழிக்கு அரசு உண்டு; அதனால் அதன் மாநாடு தொடங்கிய நாள் உலக நாளாயிற்று. மற்றொரு மொழிக்கு அத்தகைய அரசு இல்லை. அதனால் அதன் மாநாட்டில் மாண்டவர் நாள், மாண்டவரின் உறவினரும் ஊராரும் தாமே விளக்கேற்றி நினைக்கும் நாளாக நின்றது. சனவரி பத்து இரண்டுக்கும் பொது. பெருமை மட்டும் பொதுவன்று.

ஆள்வோர் தேர்ந்த நாள்

தற்செயலாக ஒன்றும் நாள்கள் ஒருபுறம் இருக்க, வேண்டுமென்றே ஒன்றச் செய்யும் நாள்களும் உள. சனவரி 26 அத்தகையது. 1929 இறுதியில் இலாகூரில் கூடிய பேராயக் கட்சி, முழு விடுதலையே குறிக்கோள் என்று அறிவித்து, 1930 சனவரி 26-ஐ விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கச் சொன்னது. பின்னர் இந்திய அரசமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே நிறைவேறியும், அதனை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர இரண்டு திங்கள் காத்திருந்து, 1950 சனவரி 26-ஐத் தேர்ந்தெடுத்தனர். பழைய நாளின் பெருமை புதிய நாளுக்கு வந்து சேர வேண்டும் என்பதே கரணியம். இதில் நாம் குறை காணவில்லை. நாள் என்பது தானே அமைவதன்று, அறிந்தே அமைக்கப்படுவது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டா என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

ஆனால் அதே சட்டத்தின் 343-ஆம் பிரிவு என்ன சொன்னது? இந்திய ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி. ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகள் வரை தொடரும் என்றது. 1950 சனவரி 26-இலிருந்து பதினைந்து ஆண்டைக் கூட்டிப் பாருங்கள். 1965 சனவரி 26 வரும். குடியரசு விழாவுக்குக் கொடியேற்றும் அதே காலைப்பொழுதில், இந்தி பேசாத மக்கள்மேல் இந்தி ஏறி அமரும் என்று சட்டமே நாள் குறித்துவிட்டது. ஒருவனுக்கு விழா, மற்றொருவனுக்கு அடிமையோலை. இரண்டுக்கும் ஒரே நாள்!

இவ்வாறு ஒரே நாள் இருவேறு முகங் காட்டுவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1788 சனவரி 26 அன்று ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறினர். ஆத்திரேலிய அரசு அந்நாளையே நாட்டு விழா நாளாகக் கொண்டது. 150 ஆண்டுகள் கழித்து, 1938 சனவரி 26 அன்று, அம்மண்ணின் பழங்குடி மக்கள் சிட்னியில் கூடி, அந்நாளைத் துயர நாள் என்று அறிவித்தனர். நிலத்தைப் பறிகொடுத்தவன் பறித்தவனோடு சேர்ந்து விழாக் கொண்டாட வேண்டும் என்பது எந்த நாட்டு முறை என்று அவர்கள் கேட்டனர். 27 ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து, அதே நாளைத் தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழகம் துயர நாளாகக் கடைப்பிடிக்க அறிவித்தது. சிட்னியிலிருந்து எவரும் வந்து நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. புண்பட்டவன் எங்கிருந்தாலும் ஒரே சொல்லைத்தான் சொல்வான்.

மாணவர்கள் தம் போராட்டத்தை ஒரு நாள் முன்னதாக, சனவரி 25-இல் தொடங்கினர். அந்நாளுக்கு முன்னரே ஒரு பொருள் இருந்தது. 1964 சனவரி 25 அன்று, கீழப்பழுவூர் சின்னச்சாமி திருச்சியில் தமிழுக்காகத் தம் உடலைத் தீக்கு ஈந்தார். ஓராண்டு நிறைந்த அதே நாளில் மதுரையில் மாணவர் ஊர்வலம் புறப்பட்டது. கிளர்ச்சி நாடெங்கும் பற்றியது. சனவரி 26 அன்று கோடம்பாக்கம் சிவலிங்கமும், மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்குளித்தனர். கிளர்ச்சி ஓய்வதற்குள் மாண்டவர் தொகை, அரசுக் கணக்கின்படியே எழுபது என்ற அளவை எட்டியது. மூன்றாண்டு கழித்து, 1968 சனவரி 23 அன்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமுமாகிய இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது.

இன்று நாள்காட்டியைப் பாருங்கள். சனவரி 23 சுபாசு சந்திர போசு பிறந்த நாள். 2021 முதல் நடுவணரசு விழா எடுக்கும் நாள். சனவரி 25, 2011 முதல் நாடு முழுமைக்கும் வாக்காளர் நாள். 1950-இல் தேர்தல் ஆணையம் அமைந்த நாள் என்பதனால். சனவரி 26 குடியரசு நாள். தமிழ்நாடு தன் மொழிக்காக நின்ற நாள் ஒவ்வொன்றின்மேலும் ஒரு நடுவண் நாள் அமர்ந்திருக்கின்றது. போசும் பெருமகனே, வாக்குரிமையும் நம் உரிமையே. எனினும் அலுவலகத்தில் வாக்காளர் உறுதிமொழி எடுக்கும் தமிழன், அதே மூச்சில் சின்னச்சாமியை நினைக்கின்றானா என்று கேட்டுப் பாருங்கள். கட்சி மேடைகளில் மொழிப்போர் ஈகியர் நாள் என்று சனவரி 25 நினைக்கப்படுகின்றது, மெய்தான். மாலை சூட்டி, மேடையிலிருந்து இறங்கிய பின், மறு சனவரி வரை அந்நினைவு எங்கே போகின்றது?

சிதம்பரம் தந்த நாள்

கடலூர், சிதம்பரம் வட்டார மக்களுக்கென்றே ஒரு நாள் உண்டு. அது சனவரி 27.

1965-ஆம் ஆண்டு அந்நாளில், சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலமாகப் புறப்பட்டனர். காவல்துறை தடுத்தது, சுட்டது. இராசேந்திரன் என்னும் மாணவர் குண்டடிபட்டு மாண்டார். தமிழிசைக்கும் தமிழாராய்ச்சிக்கும் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவரின் குருதி, அத்தமிழின் பொருட்டே சிதம்பரம் மண்ணில் சிந்தியது. அவர் சிலை பல்கலைக்கழக வாயிலருகே நிற்கின்றது. நாள்தோறும் எத்தனையோ பேர் அதனைக் கடந்து செல்கின்றனர்.

அதே சனவரி 27 உலகிற்கும் ஒரு நினைவு நாள். 1945-இல் அந்நாளில் அவுசுவிட்சு வதைமுகாமின் வாயில் திறக்கப்பட்டது. இட்லரின் ஆட்சியில் மாண்ட பல நூறாயிரம் யூதரின் நினைவாக, ஐ.நா. பேரவை 2005-இல் அந்நாளை உலக நினைவு நாளாக அறிவித்தது. அப்பேரழிவையும் நம் ஊர் நிகழ்ச்சியையும் ஒரு தட்டில் வைத்து எடை போடுதல் முறையன்று. அளவில் இரண்டும் ஒன்றல்ல. அம்மக்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு: அறுபது ஆண்டுகள் கழிந்தும் விடாது நினைத்து, உலகையே நினைக்கச் செய்தார்களே, அந்த விடாப்பிடி! 1965-இலிருந்து நமக்கும் அறுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. சிதம்பரத்து இராசேந்திரனை நாம் கடலூருக்காவது நினைவூட்டினோமா?

நாளை வளர்த்தோர்

'அரசு துணையின்றி நாம் என்ன செய்ய இயலும்?' என்பார் உளர். இயலும் என்பதற்கு வரலாறே சான்று.

1952 பிப்பிரவரி 21 அன்று, உருதுவே ஆட்சிமொழி என்ற பாக்கித்தான் அரசை எதிர்த்துத் தாக்காவில் வங்க மாணவர் திரண்டனர். காவல்துறை சுட்டது, மாணவர் மாண்டனர். மக்கள் அவ்விடத்தில் நினைவுத்தூண் எழுப்பினர். அரசு இடித்தது, மீண்டும் எழுப்பினர். ஆண்டுதோறும் வெறுங்காலோடு நடந்து சென்று மலர் வைத்தனர். 1999-இல் யுனெசுகோ அந்நாளையே உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளியிலும் பிப்பிரவரி 21-இல் தாய்மொழி நாள் கொண்டாடுகின்றனர். வங்கன் தன் நாளை உலகுக்கே தந்துவிட்டான். நாமோ நம் நாளை நம் பிள்ளைக்கே இன்னும் தரவில்லை.

தொழிலாளத் தோழர்களுக்கு இன்னொரு சான்று சொல்வோம். மே முதல் நாள் வானத்திலிருந்து விழவில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டு, 1886 மே 1 அன்று அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் நினைவாகவே உலகத் தொழிலாளர் அந்நாளைத் தம் நாளாக்கினர். இந்தியாவில் முதன்முதல் அந்நாளைக் கொண்டாடியவர் ஒரு தமிழர். 1923-இல் சென்னையில் செங்கொடி ஏற்றிய சிங்காரவேலர். முதலாளி விரும்பியா அந்நாள் விடுமுறையாயிற்று? தொழிலாளி விடாமல் நினைத்தான். ஆகவே சட்டம் பணிந்தது. 1960-இல் அதே மே 1 அன்றுதான், மராத்தியரும் குசராத்தியரும் பல்லாண்டு போராடித் தத்தம் மொழிவழி மாநிலங்களைப் பெற்றனர். உழைப்பவன் நாளும் மொழி காத்தவன் நாளும் ஒன்றாய் அமைந்த நாள் அது. உழைப்புரிமை வேறு, மொழியுரிமை வேறு என்று நம்மைப் பிரித்துப் பேசுவோர்க்கு, மும்பை மக்கள் ஆண்டுதோறும் விடை சொல்லிக் கொண்டிருக்கின்றனர்.

நம் வட்டாரத்திலேயே சான்றுண்டு. 1874 சனவரி 30 அன்று, வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் இராமலிங்க அடிகள் தம் அறையுட் புகுந்து தாழிட்டார். பின் அவரை எவரும் காணவில்லை. 1948-இல் அதே சனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்டார். காந்தியடிகளின் நாளுக்கு அரசாணை உண்டு. நாடே இரண்டு நிமையம் வாய் மூடி நிற்கும். இராமலிங்க அடிகளுக்கு அவ்வாணை இல்லை, வேண்டியதுமில்லை. தைப்பூசத்தன்று மக்கள் தாமே வடலூருக்குத் திரள்கின்றனர். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்த கடலூர்க் கடற்கரை மக்களும், ஆண்டுதோறும் தாமே கடலோரம் சென்று மலர் தூவுகின்றனர். மக்கள் மனம் வைத்த நாளை எந்த நாளும் மறைத்துவிட முடியாது.

சிப்காட்டு வாயிலில்

இனி, இவற்றையெல்லாம் சிப்காட்டுத் தொழிற்பேட்டைத் தோழர்களிடம் ஏன் சொல்ல வந்தோம் என்பதற்கு வருவோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே, 1980-களில் வளர்ந்தது அப்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சொன்னஞ்சாவடி, காரைக்காடு என்று அதனைச் சூழ்ந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். காடும் குப்பமும் சாவடியும் எனத் தமிழ் மணக்கும் பெயர்கள்! நடுவில் நிற்பது மட்டும் 'சிப்காட்டு'. அஃது எம்மொழிச் சொல்? 1971-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில், சொற்களின் தலையெழுத்துகளைக் கோத்துச் செய்த ஒலிக்கூட்டம். அதற்குத் தமிழ்ப்பெயர் உண்டு. அரசுத் தாளில் அஃது உறங்குகின்றது. நாள்தோறும் ஆயிரம் வாய்கள் சொல்வதோ பொருள் விளங்காத ஓர் ஒலி.

'பெயரில் என்ன இருக்கின்றது? வயிற்றுப்பாட்டுக்கு வந்த இடத்தில் மொழி எதற்கு?' என்று கேட்கும் தோழர் உண்டு. அவரை நாம் எள்ள மாட்டோம். அவர் கேள்வி மெய்யான கேள்வி. அதற்கு விடை போபாலில் உள்ளது.

1984 திசம்பர் 2 நள்ளிரவு கடந்து, 3-ஆம் நாள் பிறந்த வேளை. போபாலில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட்டு என்னும் நச்சு வளி கசிந்தது. உறங்கிய மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். தேய்ந்த பொறி, நிறுத்தி வைத்த காப்பமைப்பு, குறைத்த ஆட்கள் எனக் கேட்டிற்குக் கரணியம் பல. அவற்றோடு மற்றொன்றையும் ஆய்ந்தோர் எடுத்துக் காட்டினர். ஆலையின் இயக்க நூல்களும் குறிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிலாளருள் ஆங்கிலம் அறிந்தோர் சிலரே. இந்தி பேசும் நகரத்தில், இந்தி பேசும் தொழிலாளிக்கு, அவன் உயிரைக் காக்கும் சொல் அவனுக்கு விளங்காத மொழியில் எழுதியிருந்தது! இந்தியை ஊரெங்கும் ஏற்றத் துடித்த அரசு, இந்திக்காரனின் ஆலைக்குள் அவன் மொழியைக் கொண்டு சேர்க்கவில்லை. மொழித் திணிப்பு வேறு. மொழியுரிமை வேறு என்பது இப்பொழுது விளங்குகின்றதா?

கடலூர்ப் பேட்டையிலும் பூச்சிக்கொல்லியும் மருந்துப் பொருளும் சாயப்பொருளும் செய்யப்பெறுவதை நாடறியும். 2021 மே 13 அன்று, அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நேர்ந்த வெடிப்பிலும் புகையிலும் நால்வர் மாண்டனர். அவ்விறப்புக்கு மொழியே கரணியம் என்று நாம் கூறவில்லை. அத்தகைய இடர் சூழ்ந்த இடத்தில், ஓர் உருளையின்மேல் ஒட்டிய தாளைப் படிக்கத் தெரிதல் உயிரைக் காக்கும் என்கின்றோம். 'தண்ணீர் படக்கூடாது', 'மூக்கை மூடு', 'இவ்வழியே வெளியேறு' என்னும் மூன்று தொடரைத் தாய்மொழியில் படிப்பவன் ஒரு நொடியில் ஓடுவான். பிறமொழியில் படிப்பவன் எழுத்துக் கூட்டிக் கொண்டு நிற்பான். அந்த ஒரு நொடிதான் தமிழ் என்க.

இது புதிதாக நாம் கேட்கும் கொடையுமன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவே, ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, தொழிலாளருள் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. போபாலுக்குப் பின், 1987-இல் அச்சட்டத்தைத் திருத்தி, ஆலையிலுள்ள இடர்களைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவித்தல் கடமை என்றனர். உரிமை தாளில் வந்தது. அதனைச் சுவருக்குக் கொண்டுவருவது தொழிலாளியின் கேள்வியன்றி வேறெதனால் ஆகும்?

தமிழில் வேதியலை எழுத முடியுமா என்று நகைப்போரும் உளர். அவர்க்குக் குடிகாட்டு மக்களே விடை தந்துள்ளனர். 2004-இல் இப்பேட்டையைச் சூழ்ந்த ஊர் மக்கள், ஆலைப் புகையைத் தாமே கண்காணிக்கப் பயிற்சி பெற்று, எந்நாளில், எந்நேரத்தில், எத்திசைக் காற்றில் என்ன நாற்றம் வந்தது என்று குறித்து வைத்தனர். வளியை வாளியில் பிடித்து ஆய்வுக்கும் அனுப்பினர். அவர்கள் மூக்கறிந்த மொழி தமிழ். 'அழுகிய முட்டை நாற்றம்' என்று ஒரு மூதாட்டி சொன்னால், ஐதரசன் சல்பைடு என்று வேதியலறிஞன் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். நாற்றத்தின் பெயர் முதலில் தமிழில் பிறந்தது. ஆய்வகத்தின் பெயர் பின்னர் வந்தது. மக்கள் தம் நாள்குறிப்பைத் தாமே எழுதினால் என்ன வலிமை வரும் என்பதற்கும் அது சான்று.

செய்ய வேண்டுவன

சனவரி 26 ஆலைகட்குச் சட்டப்படி ஊதியத்தோடு கூடிய விடுமுறை. கொடியேறும், இனிப்பு வழங்கப்பெறும். மறுநாள் சனவரி 27, சங்கு ஊதும். எல்லாரும் உள்ளே போவர். அந்த 27-ஐ நாம் கேட்கின்றோம். விடுமுறையாக அன்று; வேலை நாளாகவே கேட்கின்றோம்.

ஒன்று: அந்நாள் காலை, வேலைக்குட் புகுமுன், ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஆலை வாயிலில் ஐந்து நிமையம் நின்று, 1965-இல் சிதம்பரத்தில் மாண்ட மாணவர் இராசேந்திரனையும், 2021-இல் இப்பேட்டையில் மாண்ட நால்வரையும் நினைக்க வேண்டும். மொழிக்காக மாண்டவனும் வேலையில் மாண்டவனும் நமக்கு வேறல்லர்.

இரண்டு: அன்று ஒவ்வொருவரும் தம் பணியிடத்தைச் சுற்றிப் பார்த்து, இடர் அறிவிப்பு, வெளியேறு வழி, முதலுதவிக் குறிப்பு, உருளைகளின்மேல் உள்ள எச்சரிக்கை ஆகியவற்றுள் தமிழில் இல்லாதவை எவை என்று எழுதிப் பட்டியலிட வேண்டும். அப்பட்டியல் ஒரு படி மேலாண்மைக்கும், ஒரு படி தொழிற்சாலை ஆய்வாளர்க்கும் போக வேண்டும். அடுத்த சனவரி 27-இல் அதே பட்டியலை எடுத்து, எத்தனை மாறின என்று எண்ண வேண்டும்.

மூன்று: வடபுலத்திலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் தோழர்க்கு அவர் மொழியிலும் எச்சரிக்கை எழுதக் கேட்க வேண்டும். இதனைப் படித்து நம் அன்பர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். நாம் எதிர்ப்பது ஒரு மொழியை மற்றொரு மொழியின் தலைமேல் ஏற்றுவதனை. ஓர் உழைப்பாளி தன் உயிர் காக்கத் தன் மொழியில் படிப்பதனை எதிர்த்தால், நாம் 1965-இன் பொருளையே அறியாதவராவோம். ஆலைக்குள் அவனுக்கு அவன் மொழியில் உயிர்க்காப்பு. தமிழ்நாட்டில் எங்கணும் தமிழுக்கே முதலிடம். இரண்டும் ஒன்றையொன்று முட்டுவன அல்ல.

நான்கு: பேச்சில் பேட்டையைத் 'தொழிற்பேட்டை' என்றே சொல்லுங்கள். பேருந்து நடத்துநரிடம் சொல்லுங்கள். கடிதத்தின் முகவரியில் எழுதுங்கள். ஒரு சொல்லை மாற்ற ஆணை வேண்டா. ஆயிரம் வாய் போதும். ஆழிப்பேரலை என்னும் சொல் அவ்வாறுதான் பரவியது.

இவை பெரிய செயல்களல்ல. ஆயின் தாக்காவில் முதலாண்டு வைத்த மலரும் பெரிய செயலாக அன்று தோன்றியிருக்காது. சென்னையில் சிங்காரவேலர் ஏற்றிய கொடியைக் கண்டு சிரித்தவரும் இருந்திருப்பர். விடாது செய்தலே நாளை நாளாக்குகின்றது.

ஒரே நாளில் எத்தனை நிகழ்ச்சி வேண்டுமானாலும் விழட்டும். எவர் நாளையும் நாம் கிழிக்க வேண்டா. அவரவர் நாளை அவரவர் கொண்டாடட்டும். நம் நாளை நாம் மறந்துவிட்டுப் பிறர் நாளைக் குறை சொல்வதில் பயனில்லை. அடுத்த ஆண்டு நாள்காட்டி வாங்கியதும், சனவரித் தாளில் 27-ஆம் கட்டத்தைத் தேடி, உங்கள் கையாலேயே 'சிதம்பரம் இராசேந்திரன், 1965' என்று எழுதுங்கள். உங்கள் பிள்ளை, 'இவர் யார்?' என்று கேட்கும். அக்கேள்விக்குச் சொல்லும் விடையில்தான் தமிழின் நாளைய நாள் தொடங்கும்.